இரவு 1 மணிக்கு எழுந்துகொள்ளும் பிள்ளை

கேள்வி:

டாக்டரம்மாவுக்கு வணக்கம். ரங்கூன் தாம்வேயில் நாலாவது மாடியில் குடியிருக்கிறோம். என் மகனுக்கு 6 வயது. மூன்றரை வயதில் ஆட்டிசம் என்று சொன்னார்கள். பேச்சு கொஞ்சம்தான். பகலில் எப்படியோ சமாளித்துவிடுகிறேன், ராத்திரிதான் முடியவில்லை. 8.30-க்குப் படுக்க வைத்தால் 11.30 வரை உருளுவான், குதிப்பான். என் காது மடலைப் பிடித்துத் தேய்த்துக்கொண்டே இருந்தால்தான் தூங்குவான். 1 மணிக்கு எழுந்துவிடுவான். சில நாள் அழுகை, சில நாள் தானாகச் சிரித்துக் கைதட்டல். 4 மணிக்குத்தான் மறுபடி கண் மூடுவான். சாயங்காலம் 4 மணியிலிருந்து 6.30 வரை நன்றாகத் தூங்குவான். சமையல், குளியல் எல்லாம் எனக்கு அப்போதுதான். கரண்ட் போகும்போதுதான் தம்பி எழுந்துகொள்கிறான் என்று மூத்தவள் சொல்கிறாள். அவளுக்கு 10 வயது, பள்ளியில் தூங்கி விழுகிறாள். கணவர் டாக்சி ஓட்டுகிறார். மாமியார் காத்து கருப்பு என்று கயிறு மந்திரித்துக் கட்டியிருக்கிறார். நான் செல்லம் கொடுத்துக் கெடுத்தேன் என்றும் சொல்கிறார். மருந்துக்கடையில் சளி சிரப்பை ராத்திரி கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்த அன்று ஆட்டம் இன்னும் அதிகம். நாத்தனார் சிங்கப்பூரிலிருந்து மெலடோனின் மிட்டாய் ஒரு பாட்டில் அனுப்பியிருக்கிறார், திறக்கவில்லை. போன வாரம் ஒரு ராத்திரி அவனை அடித்துவிட்டேன். எங்கேயாவது போய்விடலாமா என்று இருக்கிறது. இது எப்போதாவது சரியாகுமா? பெயர் போட வேண்டாம்.

பதில்:

அன்புத் தங்கைக்கு,

'எங்கேயாவது போய்விடலாமா' என்று எழுதியிருக்கிறீர்களே, அதற்குத்தான் முதல் பதில். இரண்டு நாள் அம்மா வீட்டுக்குப் போய்க் கண்ணாரத் தூங்க வேண்டும் என்ற ஏக்கம் அது என்றால், நியாயமான ஏக்கம். அதற்கு வழி கீழே சொல்கிறேன். உயிரோடு இருக்கவே வேண்டாம் என்ற நினைப்பு என்றால், மற்றதைப் பிறகு படித்துக்கொள்ளலாம். இன்றைக்கே கணவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அவரைக் கூட்டிக்கொண்டு இன்றைக்கே ஒரு டாக்டரைப் பாருங்கள். அதுவரை தனியாக இருக்காதீர்கள்.

அடித்ததைப் பற்றி. மாதக்கணக்கில் தொடர்ந்து நாலு மணி நேரம் தூங்காத உடம்பில் நிதானம் முதலில் போகும். அதனால் அடித்தது சரியாகிவிடாது, ஆனால் நீங்கள் கெட்ட தாய் என்றும் ஆகிவிடாது. இனி கை ஓங்கும் என்று தெரிந்த கணமே பிள்ளையைக் கொசுவலைக்குள் விட்டுவிட்டு எழுந்து வந்துவிடுங்கள். கணவரைத் தட்டி எழுப்புங்கள். அவர் எழுந்து வரும்வரை அவன் அழுதால் அழட்டும். அழும் பிள்ளைக்கு அந்த இரண்டு நிமிடத்தில் ஒன்றும் ஆகாது.

உங்கள் வீட்டில் நடப்பது அரிதான விஷயம் இல்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளில் பாதி முதல் 80 சதவீதம் பேர் வரை ஏதோ ஒரு வகையில் தூக்கத்துக்குச் சிரமப்படுகிறார்கள் என்று ஆய்வுகள் சொல்கின்றன. இரவு வந்துவிட்டது என்று உடம்புக்குச் சொல்லும் மெலடோனின் என்ற சுரப்பு இவர்களில் பலருக்குக் குறைவாகவோ நேரம் தவறியோ சுரக்கிறது. நமக்குக் காதில் விழாத சத்தமும் தோலில் உறைக்காத தையலும் அவர்களை உலுக்கி எழுப்பும். 'இப்போது எல்லோரும் தூங்கும் நேரம்' என்று வீட்டில் மற்றவர்களைப் பார்த்தே மற்றப் பிள்ளைகள் கற்றுக்கொள்வது இவர்களுக்குத் தானாக வருவதில்லை. இதில் செல்லம் எங்கே வந்தது?

மாமியார் சொல்வது உங்களைக் குத்தும்தான். ஆனால் இந்தப் பழியை முதலில் சுமத்தியவர்கள் படித்தவர்கள். 1950-களிலும் 60-களிலும் மேல்நாட்டு மனநல மருத்துவர்கள் பலர், தாய் பாசமில்லாமல் வளர்த்ததால்தான் ஆட்டிசம் வருகிறது என்று அடித்துச் சொன்னார்கள். பெர்னார்டு ரிம்லாண்ட் என்ற உளவியலாளர், தாமே ஆட்டிசம் உள்ள பிள்ளைக்குத் தகப்பன், 1964-இல் அதை மறுத்து எழுதினார். இது மூளை வளர்ச்சி சம்பந்தப்பட்டது, வளர்ப்பின் குற்றம் இல்லை என்றார். அவர் சொன்னதுதான் நின்றது. அங்கே பாசம் போதவில்லை என்றார்கள், இங்கே பாசம் அதிகம் என்கிறார்கள். இரண்டுக்கும் ஆதாரம் கிடையாது. கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். கழுத்தை இறுக்காமல், தோல் அரிக்காமல் இருந்தால் போதும்.

இனிப் பிள்ளையைப் பார்ப்போம். எந்தப் பழக்கத்தையும் மாற்றுவதற்கு முன்னால் உடம்பைப் பார்த்தாக வேண்டும். பேச்சு வராத பிள்ளை வயிறு வலிக்கிறது என்று சொல்லமாட்டான், எழுந்து குதிப்பான். குழந்தை மருத்துவரிடம் போகும்போது இவற்றைக் கேளுங்கள். மூன்று நாளுக்கு ஒரு முறைதான் வெளிக்குப் போகிறானா? மலச்சிக்கல் பிள்ளைகளை நடு இரவில் எழுப்பும். படுத்ததும் இருமி, உடம்பை வில்லாக வளைக்கிறானா? நெஞ்செரிச்சலாக இருக்கலாம். குறட்டை விட்டு, நடுநடுவே மூச்சு நின்று திணறுகிறானா? டான்சிலும் மூக்கின் பின்சதையும் வீங்கியிருக்கலாம். ராத்திரியில் ஆசனவாயைச் சொறிகிறானா? கீரிப்பூச்சிக்கு மருந்து கொடுக்க வேண்டியிருக்கும், அதுவும் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து. சொத்தைப் பல்லையும் காதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

இரும்புச் சத்தை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். தூங்கப் போகும் நேரத்தில் காலை உதைத்துக்கொண்டே, ஒரு நிலையில் படுக்க முடியாமல் புரளும் பிள்ளைகளில் பலருக்கு உடம்பில் இரும்புச் சேமிப்பு குறைந்திருக்கும். மூன்று மணி நேரம் உருளுகிறான் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது. இந்தப் பிள்ளைகள் சாப்பாட்டில் இரண்டு மூன்று பொருளைத் தாண்ட மாட்டார்கள், அதனாலும் இந்தக் குறை வரும். ஆனால் ஹீமோகுளோபின் குறைவு என்றவுடன் டானிக் வாங்கி ஊற்றிவிடாதீர்கள். இந்த வட்டாரத்தில் தலசீமியா போன்ற பரம்பரை இரத்தக் குறைகள் அதிகம். அதிலும் ஹீமோகுளோபின் குறைவாகத்தான் காட்டும், ஆனால் இரும்பு ஏற்கெனவே போதுமான அளவு இருக்கலாம். இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின் என்ற இரத்தப் பரிசோதனையைக் கேட்டுச் செய்யுங்கள். காலில் இந்த அமைதியின்மையும் இருந்து, ஃபெரிட்டின் 50-க்குக் கீழே இருந்தால் இரும்புச் சத்து கொடுப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார்.

ராத்திரிச் சிரிப்பு மாமியாரைப் பயமுறுத்துகிறது, உங்களையும்தான் என்று நினைக்கிறேன். பெரும்பாலும் அது விழித்துக்கொண்ட பிள்ளையின் விளையாட்டு. நிழலைப் பார்த்தோ கொசுவலை ஆடுவதைப் பார்த்தோ, பகலில் கேட்ட பாட்டை நினைத்தோ சிரிப்பான். கூப்பிட்டால் திரும்புவான், கையைப் பிடித்தால் சிரிப்பு மாறும். அப்படியென்றால் பயமில்லை. அதற்கு மாறாக, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சிரிப்பு, ஒரே அளவு நேரம், கண் ஓர் இடத்தில் குத்திட்டு, கூப்பிட்டாலும் தெரியாமல், முடிந்ததும் குழம்பிப் போய் இருந்தால் அதைப் போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள். உடம்பு விறைப்பது, வாய் கோணுவது, திடீரென்று படுக்கையை நனைப்பது இருந்தாலும் அப்படியே. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வலிப்பு நோய் மற்றப் பிள்ளைகளைவிட அதிகம் வருகிறது. சில பேருக்குத் தூக்கத்தில் மட்டும் வரும். ஒரு நிமிட வீடியோ உங்கள் பத்து நிமிட விளக்கத்தைவிட டாக்டருக்கு உதவும்.

அடுத்தது சாயங்காலத் தூக்கம். 6 வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் போதும். உங்கள் மகன் சாயங்காலம் இரண்டரை மணி நேரம் தூங்குகிறான், இரவில் 11.30 முதல் 1 வரை ஒன்றரை மணி நேரம், 4 மணிக்கு மேல் எழுப்பும்வரை இன்னும் கொஞ்சம். மொத்தத்தில் அவன் தூக்கம் குறைவுதான்; இருக்கும் தூக்கத்தில் பெரிய பங்கு சாயங்காலத்தில் போய்விடுகிறது. 6.30-க்கு எழுந்த பிள்ளைக்கு 8.30-க்கு எப்படிக் கண் சொக்கும்?

அந்த இரண்டரை மணி நேரம்தான் உங்களுக்கு மூச்சுவிடும் நேரம் என்று எனக்குத் தெரியும். அதை விட்டுக்கொடுங்கள் என்று சொல்ல மனம் வரவில்லை, ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். ஒரே நாளில் வேண்டாம். முதல் மூன்று நாள் 6.30-க்குப் பதில் 6 மணிக்கு எழுப்புங்கள், அடுத்த மூன்று நாள் 5.30-க்கு. கடைசியில் 4 மணிக்கே வெளியில் கூட்டிப் போய்விடுங்கள். மாமியார் கூட்டிப் போனால் இன்னும் நல்லது. ஒரு சுற்று நடந்துவிட்டு வந்தால் அந்தத் தூக்க வேளை தாண்டிவிடும். சமையலைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று பாருங்கள். முடியாத நாளில் ஒற்றைக் குழம்போடு நிறுத்திக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

நம்மூரில் டாக்டர்கள்கூடக் கேட்க மறக்கும் ஒன்று: டீ. டீக்கடைப் பால் டீயைப் பிள்ளைகளுக்குச் சாஸரில் ஊற்றிக் கொடுப்பது ரங்கூனில் சாதாரணம். காப்பி மிக்ஸ் பாக்கெட் இல்லாத வீடு கிடையாது. லப்பே என்னும் புளிக்க வைத்த தேயிலையைப் பிசைந்து வைத்தால் அதிலிருக்கும் வறுத்த கடலைக்காகப் பிள்ளைகள் கையை விடுவார்கள், கூடவே இலையும் வாய்க்குள் போகும். பரீட்சைக்கு விழித்திருக்க லப்பே தின்னும் ஊர் இது. அதே இலை ஆறு வயதுப் பிள்ளையையும் விழிக்க வைக்கும். டீ இரும்புச் சத்து உடம்பில் சேர்வதையும் தடுக்கும். நீங்கள் கடிதத்தில் இதைப் பற்றி எழுதவில்லை. உங்களுக்குத் தெரியாமல் அப்பாவோ பாட்டியோ கொடுக்கிறார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவனுக்கு டீயே வேண்டாம்.

இப்போது உங்கள் மூத்தவள் கண்டுபிடித்த விஷயம். அவள் சொல்வது சரியாகத்தான் இருக்கும். ஃபேன் ஓடும்போது தூங்கிய பிள்ளைக்கு, அந்தக் காற்றும் அந்த 'கர்ர்' சத்தமும் தூக்கத்தின் ஒரு பாகம். எல்லோருமே இரவில் பல முறை லேசாக விழித்து, எல்லாம் படுத்தபோது இருந்தது போலவே இருக்கிறது என்று உடம்பு கண்டுகொண்டதும் நம்மை அறியாமலே திரும்பத் தூங்கிவிடுகிறோம். உங்கள் மகன் விழிக்கும்போது ஃபேன் நின்றிருக்கிறது, புழுக்கம் ஏறியிருக்கிறது, தெருவில் கடைக்காரர் ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார், அம்மாவின் காது மடலும் கையில் இல்லை. படுத்தபோது இருந்த ஒன்றுகூட அங்கே இல்லை. அவன் முழுசாக விழித்துக்கொள்வதில் என்ன ஆச்சரியம்?

ஆகவே அவன் தூங்கும்போது என்னென்ன இருக்கிறதோ அவை விடியும்வரை இருக்க வேண்டும். விடியும்வரை நிற்காத எதையும் வைத்துத் தூங்க வைக்கக் கூடாது. சார்ஜ் ஏற்றும் சின்ன ஃபேன் ஒன்று வாங்க முடிந்தால், கரண்ட் இருக்கும் நேரத்திலும் அதையே அவன் பக்கத்தில் ஓட விடுங்கள். மேலே சுற்றும் ஃபேன் நின்றாலும் அவனுக்கு மாற்றம் தெரியாது. இன்வெர்ட்டர் இருந்தால் ஒரு ஃபேனை அதோடு சேர்த்துவிடுங்கள். இரண்டும் முடியாதென்றால், ஃபேன் சத்தத்தைப் பழைய போனில் ஒரு மணி நேரம் பதிவு செய்து, திரையைக் கவிழ்த்து எட்ட வைத்து, மெல்லிய சத்தத்தில் விடிய விடிய ஓட விடுங்கள். காற்று வராவிட்டாலும் சத்தமாவது தொடரும். ஜெனரேட்டர் இரைச்சலும் கொஞ்சம் அமுங்கும். தெருப் பக்கத்து ஜன்னலை விட்டு உள்பக்கமாகப் படுக்கையை மாற்றுங்கள். கரண்ட் போனால் மெழுகுவத்தி மட்டும் வேண்டவே வேண்டாம். கொசுவலையும் மெழுகுவத்தியும் ஓடும் பிள்ளையும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. மங்கலான எல்.இ.டி. விளக்கு போதும், அதுவும் அவன் கண்ணுக்கு நேராக வேண்டாம்.

காது மடலுக்கு வருகிறேன். அதை ஒரே இரவில் நிறுத்தப் பார்த்தால் வீடே ரெண்டுபடும், கீழ் வீட்டுக்காரர் மாடி ஏறி வருவார். அழுது அழுது தானே தூங்கட்டும் என்று விடும் முறையை மாடி வீட்டில் இருக்கும் உங்களுக்கு நான் சொல்லமாட்டேன். மெதுவாகப் போவோம். உங்கள் பழைய பருத்திச் சேலையில் ஒரு முழம் கிழித்து, அதன் ஓரத்தைக் காது மடல் பருமனுக்குச் சுருட்டித் தைத்துவிடுங்கள். முதல் வாரம் காதும் அதுவும் சேர்ந்தே இருக்கட்டும். பிறகு அவன் கண் சொக்கும் நேரத்தில் காதை விலக்கிக்கொண்டு சேலைத் துண்டைக் கையில் வையுங்கள். சில நாள் கழித்துத் தொடக்கத்திலிருந்தே துண்டு மட்டும், நீங்கள் தொடாமல் பக்கத்தில் படுத்திருங்கள். அப்புறம் பக்கத்தில் உட்கார்ந்திருங்கள். அப்புறம் வலைக்கு வெளியே. ஒவ்வொரு படியிலும் மூன்று நாலு இரவு, தேவையென்றால் ஒரு வாரம். ஒரு படி சறுக்கினால் முந்தைய படிக்குத் திரும்பிக்கொள்ளலாம்.

பிள்ளைக்குத் தனி அறை, தனிக் கட்டில் வேண்டும் என்று எங்காவது படித்திருப்பீர்கள். ஒரே கூடத்தில் எல்லோரும் பாய் விரிக்கும் வீட்டில் அதற்கு எங்கே போவது? பக்கத்தில் படுப்பது தப்பே இல்லை. அவன் உங்களைத் தொடாமல் தூங்கக் கற்றுக்கொண்டால் போதும்.

படுக்கை நேரத்தையும் மாற்ற வேண்டும். 8.30-க்குப் படுக்க வைத்து மூன்று மணி நேரம் மல்லுக்கட்டியதில், படுக்கை என்றாலே குதிக்கும் இடம் என்று அவன் மனதில் பதிந்துவிட்டது. அதனால் சில நாளைக்கு 11.15-க்குத்தான் படுக்க வையுங்கள். அதுவரை கூடத்தில் விளக்கைக் குறைத்து, போனும் டிவியும் அணைத்து, அமைதியாக ஏதாவது செய்யட்டும். படுத்து கால் மணி நேரத்தில் தூங்கிவிடுகிறான் என்பது மூன்று நாலு இரவு தொடர்ந்து நடந்தால் நேரத்தை 11 ஆக்குங்கள், பிறகு 10.45. இப்படிக் கால் மணி கால் மணியாக 9 மணிக்குக் கொண்டு வந்துவிடலாம். காலையில் எழுப்பும் நேரம் மட்டும் அசையக் கூடாது. இரவு எப்படிப் போனாலும் 6.30 என்றால் 6.30, ஞாயிற்றுக்கிழமையும். எழுந்ததும் வெயில் படும் பக்கம் கூட்டிப் போங்கள். காலை வெளிச்சம் உடம்பின் கடிகாரத்தைத் திருப்பி வைக்கும்.

படுக்கைக்கு முன்னால் நடப்பதெல்லாம் தினமும் ஒரே வரிசையில் இருக்கட்டும். அதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்டுங்கள்: தொட்டித் தண்ணீர் அள்ளிக் குளிப்பது, பல் விளக்குவது, தனக்கா (மரப்பட்டையை இழைத்த பூச்சு) பூசுவது, வலைக்குள் போவது, சேலைத் துண்டு. ஒன்று முடிந்ததும் அந்தப் படத்தை அவனே கவிழ்க்கட்டும். தனக்காவின் குளிர்ச்சியும் வாசமும் சில பிள்ளைகளுக்குத் தூக்கத்தின் அடையாளமாகவே ஆகிவிடும். காய்ந்து இழுப்பது பிடிக்காத பிள்ளை என்றால் அதை விட்டுவிடுங்கள். இந்த வேலையை மாமியாரிடம் கொடுங்கள் என்று அழுத்திச் சொல்வேன். குறை சொல்லும் பெரியவர்கள் பலர், செய்ய ஒரு வேலை இல்லாமல்தான் குறை சொல்கிறார்கள். படத்தைக் கவிழ்ப்பதும் தனக்கா இழைப்பதும் தாலாட்டும் பாட்டியுடையது. கரண்ட் போவதற்கும் ஒரு படம் வரைந்து வையுங்கள்: அணைந்த பல்பு, விசிறி, தூங்கும் பையன். கரண்ட் போனாலும் தூங்கலாம் என்பது அந்தப் படத்தின் சேதி. பகலில் கரண்ட் போகும்போதெல்லாம் அதைக் காட்டிப் பழக்குங்கள், ராத்திரியில் புதிதாகக் காட்டினால் எடுபடாது.

1 மணிக்கு எழுந்துவிட்டால் பெரிய விளக்கு வேண்டாம், போன் வேண்டாம், தின்பண்டம் வேண்டாம். 'தூங்குற நேரம், கண்ணு' என்று ஒரே வாக்கியம், ஒரே குரல். திரும்ப வலைக்குள். கேள்வி கேட்காதீர்கள், கெஞ்சாதீர்கள், கோபிக்காதீர்கள். ராத்திரி 2 மணிக்கு அம்மாவின் கோபம்கூட அவனுக்கு ஒரு நிகழ்ச்சிதான். முதல் சில இரவுகள் முன்பைவிட மோசமாக இருக்கும். அங்கே பயந்து விட்டுவிடுபவர்கள்தான் அதிகம். திருவிழா, திஞ்ஜான் (பர்மாப் புத்தாண்டு) விடுமுறை போன்ற இரைச்சலான நாட்களில் தொடங்காதீர்கள். கீழ் வீட்டுக்காரர்களிடம் முன்கூட்டியே போய், இரண்டு வாரம் பொறுத்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவன் குதிக்கும் இடத்தில் தடித்த பாய் ஒன்று போடுங்கள். இரும்புக் கதவைப் பூட்டி, சாவியைப் பெரியவர்கள் எல்லோருக்கும் தெரிந்த ஆணியில் மாட்டுங்கள், தீ என்றால் இருட்டில் தேடக் கூடாது. பால்கனி கம்பி வலையைச் சோதியுங்கள்.

மருந்து. சளி சிரப்பை இன்றோடு நிறுத்துங்கள். அதில் இருப்பது அலர்ஜிக்கான மருந்து. பெரியவர்களுக்கு மயக்கம் தரும், சில பிள்ளைகளுக்கு நேர்மாறாக ஆட்டத்தைக் கூட்டும். உங்கள் மகனுக்கு அதுதான் நடந்திருக்கிறது. பெரியவர்களின் தூக்க மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கச் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மெலடோனின் வேறு விஷயம். அமெரிக்க நரம்பியல் கழகம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், உடம்புக் கோளாறுகளையும் மருந்துகளின் விளைவையும் பார்த்து, பழக்கங்களை மாற்றிப் பார்த்த பிறகும் தூக்கம் வராத பிள்ளைக்கு மெலடோனின் கொடுக்கலாம் என்கிறது. குறைந்த அளவில், 1 முதல் 3 மில்லிகிராமில், படுப்பதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் தொடங்கச் சொல்கிறது. சிக்கல் அந்த மிட்டாயில் இருக்கிறது. 2017-இல் கனடாவில் கடைகளில் விற்ற 31 மெலடோனின் பொருட்களைச் சோதித்தபோது, லேபிளில் போட்டிருந்த அளவுக்கும் உள்ளே இருந்ததற்கும் பல பாட்டில்களில் சம்பந்தமே இல்லை. சிலவற்றில் மிகக் குறைவு, ஒன்றில் நாலு மடங்குக்கும் மேல் கூடுதல். பாட்டிலைத் திறக்காமல் அப்படியே டாக்டரிடம் எடுத்துப் போங்கள். சாதாரண மெலடோனின் தூக்கத்தைத் தொடங்கி வைக்கும், நடு இரவில் விழிப்பதைத் தடுப்பதில் அவ்வளவு கெட்டி இல்லை. அதற்கென்று மெதுவாகக் கரையும் மாத்திரை ஒன்றுக்கு ஐரோப்பாவில் 2018-இல், ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்காகவே அனுமதி கொடுத்தார்கள். 125 பிள்ளைகளிடம் 13 வாரம் நடந்த சோதனையில், மாத்திரை எடுத்தவர்கள் சராசரியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள்; போலி மாத்திரை எடுத்தவர்களுக்குக் கூடியது பத்து நிமிடத்துக்கும் குறைவு. டாக்டர் எழுதிக் கொடுத்தால் அந்த வகையை நசுக்கிக் கொடுக்கக் கூடாது. இனிப்பாக இருக்கும் மிட்டாய் வகை எதுவானாலும் அவன் கைக்கு எட்டாத இடத்தில் இருக்கட்டும். எடை கூட்டிய போர்வையைப் பற்றி யாராவது சொன்னால் பணத்தைச் செலவழிக்காதீர்கள். 2014-இல் பிரிட்டனில் நடந்த ஆய்வில் அது தூக்கத்தைக் கூட்டவில்லை, நம் புழுக்கத்தில் போர்த்தவும் முடியாது.

இனிக் குடும்பம். டாக்சி ஓட்டுபவர் தூங்கியாக வேண்டும் என்பதால்தான் ராத்திரி முழுவதையும் நீங்கள் ஒருத்தியே சுமக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அவர் தூங்க வேண்டியது நியாயம்தான். வண்டி ஓட்டும்போது கண் அசந்தால் உயிர் போகும். ஆனால் அதற்காக நீங்கள் தூங்கவே கூடாது என்று ஆகாது, இரவைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். அவர் 9 மணிக்குப் படுத்து 2 மணி வரை யாரும் எழுப்பாமல் தூங்கட்டும். 2-க்கு மேல் அவன் விழித்தால் அவர் முறை, நீங்கள் காதில் பஞ்சை வைத்துக்கொண்டு அடுத்த பக்கம் படுங்கள். தான் தூங்கவில்லை என்று தெரிந்த காலையில் அவர் இரண்டு மணி நேரம் தாமதமாக வண்டி எடுக்கட்டும். அந்த வருமானம் போகும்தான், போகட்டும். வாரத்தில் ஓர் இரவு, அவர் மறுநாள் வண்டி எடுக்காத இரவாகப் பார்த்து, நீங்கள் முழுசாக விடுதலை: அம்மா வீடோ அக்கா வீடோ போய்த் தூங்கிவிட்டு வாருங்கள். மேலே சொன்ன வழி அதுதான். அவரும் மாமியாரும் அந்த ஓர் இரவைச் சமாளித்த பிறகு 'செல்லம்' என்ற பேச்சு தானாகக் குறையும்.

மூத்தவளைப் பாருங்கள். தம்பி எப்போது எழுகிறான், கரண்ட் எப்போது போகிறது என்று சேர்த்துப் பார்த்துச் சொல்ல வேண்டுமென்றால், அந்த 10 வயதுப் பிள்ளை எத்தனை ராத்திரி விழித்துக் கிடந்திருக்க வேண்டும்? அவள் படுக்கையை வீட்டிலேயே தள்ளியிருக்கும் மூலைக்கு, முடிந்தால் பாட்டி பக்கத்துக்கு மாற்றுங்கள். வகுப்பு ஆசிரியையிடம் விஷயத்தைச் சொல்லிவிடுங்கள், சோம்பேறி என்று அவளைத் திட்டாமல் இருப்பார். 'நீ சொன்னதுதான் சரி என்று டாக்டர் சொன்னார்' என்று அவளிடம் சொல்லுங்கள். ஆனால் இனி ராத்திரியைக் கவனிக்கும் வேலை அவளுக்கு வேண்டாம்.

சரியாகுமா என்று கேட்டீர்கள். முழுசாகச் சரியாகும் என்று வாக்குக் கொடுக்க என்னால் முடியாது; சில பிள்ளைகளுக்கு இது வளர்ந்த பிறகும் தொடர்கிறது. குறையும் என்று சொல்ல முடியும். 2014-இல் வெளியான வட அமெரிக்க ஆய்வு ஒன்றில், ஆட்டிசம் உள்ள 80 பிள்ளைகளின் பெற்றோருக்கு, நான் மேலே சொன்னது போன்ற விஷயங்களைச் சில மணி நேரம் சொல்லிக் கொடுத்ததிலேயே, பிள்ளை தூங்க எடுத்துக்கொள்ளும் நேரம் சராசரியாக இருபது நிமிடம் போலக் குறைந்தது. மாயம் இல்லை, ஆனால் தினமும் கிடைக்கும் இருபது நிமிடம். உங்கள் வீட்டில் சாயங்காலத் தூக்கம், ஃபேன், காது மடல் என்று கைக்கு எட்டும் காரணமே மூன்று இருப்பதால் எனக்கு அதைவிட அதிகமாகவே நம்பிக்கை இருக்கிறது.

எல்லாவற்றையும் சேர்த்துத் தொடங்க வேண்டாம். இந்த வாரம் டாக்டரும் இரத்தப் பரிசோதனையும். டீயை நிறுத்துவதும் ஃபேனை மாற்றுவதும் இன்றைக்கே முடியும். அடுத்த வாரம் சாயங்காலத் தூக்கம், அது நிலைத்த பிறகு படுக்கை நேரமும் படங்களும், கடைசியாகக் காது மடல். ஒரு நோட்டில் தினமும் நாலு நேரம் எழுதுங்கள்: படுத்தது, தூங்கியது, விழித்தது, கரண்ட் போனது. ஐந்தாவது கட்டம் ஒன்று போட்டு, நீங்கள் எத்தனை மணி நேரம் தூங்கினீர்கள் என்றும் எழுதுங்கள். மூன்று வாரக் கணக்கை எனக்கு அனுப்பினால், அடுத்து எதை மாற்றலாம் என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.